முக்கால் அங்குல வாட்டம்

குரோம்பேட்டையில் ஒரு மாடி வீடு. குளிக்கும் இடத்தைச் சுற்றி நாலங்குல உயரத்தில் ஒரு திண்டு. முட்டி தேய்ந்த அம்மா தினமும் காலையில் அதை அனுமார் கடலைத் தாண்டுவதுபோலத் தாண்டிக்கொண்டிருந்தார். மகன் வங்கியில் ஓய்வு பெற்று யூடியூபில் பட்டம் பெற்றவர். வாக்-இன் ஷவர்தான் தீர்வு என்று அறிவித்தார். திண்டு கிடையாது, கதவு கிடையாது. ஓரத்தில் ஒற்றைக் கண்ணாடி. நேரே நடந்து உள்ளே போகலாம்.

“நாலு நாள் வேலை சார்” என்றார் கொத்தனார். எந்த நாலு நாள் என்று சொல்லவில்லை.

திண்டை இடித்த கையோடு குளியலறை வாசலில் செங்கல் அடுக்கிப் புதுத் திண்டு எழுந்தது. மகனுக்கு நெஞ்சடைத்தது. பயப்பட ஒன்றுமில்லை: நீர்க்காப்புப் பூச்சு பூசி, வடிகாலை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டுமே! கீழ்வீட்டுக்காரர் அன்றிரவு அண்ணாந்து பார்த்தபடியே சாப்பிட்டாராம்.

அடுத்தது தரை. திண்டு இல்லாத இடத்தில் தண்ணீரை வழிக்குக் கொண்டுவருவது வாட்டம் ஒன்றுதான். எண்பதுக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு. ஐந்தடித் தரைக்கு முக்கால் அங்குலம். குறைந்தால் தண்ணீர் தேங்கும், கூடினால் கால் சறுக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்த கொத்தனார், “வாட்டம் பிரமாதம்” என்றார். பேரன் நம்பவில்லை. ஒரு கோலிக்குண்டை உருட்டினான். அது நல்ல பிள்ளையாக வடிகால் ஜாலியை நோக்கிப் புறப்பட்டது, பாதி வழியில் தயங்கியது, திரும்பியது, வாசலைக் கடந்து ஹாலில் சோபாவுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

குற்றம் கொத்தனாருடையது மட்டுமல்ல. இரண்டடி டைல்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் மகன். நாலு பக்கத்திலிருந்தும் நடுவிலுள்ள ஜாலிக்குத் தண்ணீர் இறங்க வேண்டுமென்றால் தரை நாலாக மடங்க வேண்டும். அவ்வளவு பெரிய பலகை எங்கே மடங்கும்? பெயர்த்தெடுத்து, சொரசொரப்பான சின்ன டைல்ஸாக மாற்றினார்கள். கோலி மறுபடி உருண்டது. இந்த முறை சோபாவுக்குப் போகவில்லை.

பத்து மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி வந்து இறங்கியதும் இன்னொரு உண்மை வெளிப்பட்டது: சுவர் செங்குத்தாக இல்லை. இந்தக் கண்ணாடியைச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியபின் செதுக்க முடியாது. வெட்டப்போனால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். மேலே ஒட்டி, கீழே விலகி நின்ற இடைவெளியை சிலிக்கானை வைத்துச் சமாளித்தார்கள்.

பிறகு மழை ஷவர். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் உண்டு. மொட்டைமாடித் தொட்டி ஷவருக்கு மேலே மூன்றே மீட்டரில் இருந்தது. திறந்ததும் சொட்டியது மழையல்ல, மழை விட்டபின் கூரையோரம் சொட்டுவது. பிரஷர் பம்பு வாங்கினார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. உள்ளே ஸ்டூல் போட்டு, பக்கெட்டை வைத்து உட்கார்ந்தார். “நம்ம ஊர்க் கிணத்தடி மாதிரியே இருக்குடா. ஓரத்துல ரெண்டு வாழைமரம்தான் இல்ல.”

போர் தண்ணீரின் உப்பு கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. காயுமுன் துடைத்தாக வேண்டும் என்பது கடைக்காரர் உத்தரவு. மகன் தினமும் குளித்து முடித்து, வைப்பரைப் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்து, துணியால் ஒற்றி எடுத்து, வியர்த்துக் கொட்ட வெளியே வருகிறார்.

“என்னங்க, இன்னும் குளிக்கலையா?” என்கிறார் மனைவி.