ஜெனீவாவுக்கு ஒரு வியர்வை மனு

அனுப்புநர்:
காதில் இயர்போனோடு கர்லாக்கட்டை சுற்றி உடற்பயிற்சி செய்வோர் சார்பில் ஒருவன்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்,
ஜெனீவா, சுவிட்சர்லாந்து.

பொருள்: இயர்போன் – நீர்ப் பாதுகாப்பு எண் – மனித உடம்பில் செல்லுபடியாகாமை – பரிகாரம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் தர ஆவணம் எண் 60529, முதற்பதிப்பு 1976.

ஐயா,

தங்களுக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்குத் தங்களை நன்றாகவே தெரியும். எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் இயர்போன் பெட்டிகளில் எல்லாம் தங்கள் கைவண்ணம்தான்: ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்7. "தம்பி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கடைப்பையனைக் கேட்டால், "வாட்டர்ப்ரூஃப்ண்ணே, போட்டுக்கிட்டே குளிக்கலாம்" என்கிறான். ஐந்துக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம் என்றால், "முந்நூறு ரூபா" என்கிறான்.

சரி, மூலத்தையே பார்த்துவிடுவோம் என்று தங்கள் ஆவணத்தைத் தேடிப் படித்தேன். திட்டுவதற்காகத்தான் படிக்க உட்கார்ந்தேன். முடிக்கும்போது தங்கள் மீது இரக்கமே வந்துவிட்டது.

நான்கு என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். ஐந்து என்றால் 6.3 மில்லிமீட்டர் வாய் கொண்ட குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நிமிடம் பீய்ச்சினாலும் தாங்கும். ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். ஆனால் ஏழு வாங்கியவன் ஐந்தும் சேர்ந்து வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. தொட்டியில் பிழைத்தது குழாயடியிலும் பிழைக்கும் என்று தாங்கள் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நடுவில் நிற்கும் அந்த எக்ஸ், தூசி விஷயத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதற்கான அடையாளம். புழுதி மைதானத்தில் ஓடுகிறவன் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். எக்ஸ் இருக்கும் இடத்தில் ஐந்தோ ஆறோ இருந்தால் தூசியையும் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். இதை எங்களுக்குச் சொல்ல ஒரு கடையிலும் ஆள் இல்லை.

என்னை உருக்கிய பகுதி சோதனை நிபந்தனைகள். சோதனைக்கு வரும் பொருள் சுத்தமாகவும் புதிதாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் நன்னீராக இருக்க வேண்டும். சுற்றுப்புற வெப்பம் 15 முதல் 35 டிகிரி வரை, காற்றின் ஈரப்பதம் 25 முதல் 75 சதவீதம் வரை இருக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை, ஐயா. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் வெயில் 40-ஐத் தாண்டும். நாங்கள் கட்டை சுற்றும் விடியற்காலையில் வெயில் இருக்காதுதான். ஆனால் அந்நேரத்து ஈரப்பதம் பல நாள் 80-ஐத் தாண்டிவிடும். காதில் மாட்டிய பொருள் மறுநாளே புதிதும் அல்ல, சுத்தமும் அல்ல. நன்னீரோ எங்களுக்குக் குடிக்கவே லாரியில் வருகிறது.

எங்கள் உடம்பில் ஊறுவது உப்புத் தண்ணீர். அதில் லாக்டிக் அமிலம் உண்டு, யூரியா உண்டு. ஒலிப்பான் மேலிருக்கும் வலை வழியாக உள்ளே போகும். அங்கே காதுக் குறும்பியைச் சந்தித்து இருவரும் குடித்தனம் வைத்துவிடுவார்கள். கம்பியில்லா வகையில் இன்னும் விசேஷம். வியர்வையோடு அதை டப்பிக்குள் வைத்து மூடினால், சார்ஜ் ஏற்றும் பொட்டு முனைகளில் ஈர உப்பும் மின்சாரமும் சேர்ந்து அரிக்கத் தொடங்கும். தங்க முலாம் மெல்லியது, நாளாவட்டத்தில் தோற்கும். ஒரு காது மட்டும் சார்ஜ் ஏறாமல் அடம்பிடிப்பதைப் பார்த்துப் பலர் பேட்டரியைத் திட்டுகிறார்கள். துடைத்து, காற்றாட விட்டு, பிறகு டப்பியில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இந்த ஒரு வரியைப் பெட்டியில் அச்சிட இடம் இல்லையாம். மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் வியர்க்காத வாலிபனின் படத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது.

உப்புத் தண்ணீர் கம்பியை என்ன செய்யும் என்று தங்களுக்குச் சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. 1906-இல் தொடங்கிய தங்கள் ஆணையத்தின் முதல் தலைவர் கெல்வின் பிரபு. அட்லாண்டிக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்ட கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் அவர். 1858-இல் போட்ட கம்பி சில வாரங்களிலேயே ஊமையானது. 1866-இல்தான் உறுதியாகப் பேசத் தொடங்கியது. அவருக்கு சர் பட்டம் கிடைத்ததே அந்த வேலைக்காக. அப்பேர்ப்பட்டவர் தொடங்கிவைத்த வீட்டில், காதோரம் வழியும் ஒரு துளி உப்புநீருக்கு எண் இல்லை.

தங்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அரிப்பு, அடி, வெயில், உள்ளே கோக்கும் ஈரம் இவையெல்லாம் இந்த எண்ணில் அடங்காது, அந்தந்தப் பொருளுக்கான தர ஆவணம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தாங்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைப் படித்தவர்கள் விளம்பரம் எழுதுவதில்லை. விளம்பரம் எழுதுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் இயர்போன் (பெயர் வேண்டாம், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது) காதிலேயே உயிரை விட்டது. பெட்டியில் கொட்டை எழுத்தில் 'வியர்வையைத் தாங்கும்'. உத்தரவாத அட்டையில் எறும்பு எழுத்தில் 'திரவத்தால் நேரும் சேதம் அடங்காது'. சர்வீஸ் சென்டரில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அங்கிருந்த பெண் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இயர்போன் தாங்கும் சார். வாரண்டிதான் தாங்காது."

அடிபடுவதற்கும் தாங்கள் ஒரு எண் வைத்திருக்கிறீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆவணம் 62262, ஐகே குறியீடு. அதில் பத்தாம் படி என்றால் 20 ஜூல், அதாவது ஐந்து கிலோ எடை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி. தெருவிளக்குக் கூட்டுக்கு அந்த மரியாதை உண்டு. கர்லாக்கட்டை தலையைச் சுற்றி முதுகுப்பக்கம் இறங்கும்போது இயர்போனின் கழுத்துப் பட்டையில் விழும் அடியை யாரும் அளந்து அச்சிடுவதில்லை. கம்பி உள்ளது என்றால் கட்டையே அதைக் கொத்தாக இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே தங்கள் துணையில்லாமலே நாங்களாக ஒரு வழி கண்டிருக்கிறோம். கம்பி உள்ளது வாங்கினால், காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் இறங்கும் வகை. கழற்றி மாற்றக்கூடிய கம்பி. எல் வடிவப் பின், ஏனென்றால் நேர்ப்பின்னின் கழுத்தில்தான் முதல் சாவு நடக்கும். அறுந்தாலும் ரிச்சி தெருவில் சால்டரிங் வைக்க ஆள் இருக்கிறார். கம்பியில்லாததற்கு அந்த அண்ணனும் உதட்டைப் பிதுக்குகிறார். கம்பியில்லாதது என்றால் காதுமடலைச் சுற்றிப் பிடிக்கும் கொக்கி வேண்டும், அமுக்குகிற பொத்தான் வேண்டும். தொடுபலகையில் வியர்வைத் துளி பட்டால், தண்டால் நடுவில் பாட்டு மாறி மாமியார் வீட்டுக்கு போன் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, காதுக்கேற்ற அளவில் ரப்பர் முனை. நழுவிச் சாக்கடையில் விழுந்த பிறகு ஏழாம் எண் இருந்து என்ன புண்ணியம்? சாலையில் ஓடுகிறவர்களுக்குக் கன்ன எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை. அதில் சங்கீதம் சுமார்தான். ஆனால் பின்னால் வரும் மாநகரப் பேருந்தின் ஹாரன் சுருதி சுத்தமாகக் கேட்கும்.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். தங்கள் ஊரிலேயே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இருக்கிறது. துணிச் சாயம் வியர்வையில் போகிறதா என்று பார்க்க அவர்கள் செயற்கை வியர்வை தயாரிக்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். ஆவணம் 105, பகுதி ஈ04. உப்பு, ஹிஸ்டிடின், பாஸ்பேட் என்று பக்குவம் மாறாத செய்முறை. அமில வியர்வை தனி, கார வியர்வை தனி. எங்கள் திருப்பூர்ப் பனியன்கள் அதில் தேறித்தான் கப்பல் ஏறுகின்றன. அறுபது ரூபாய்ப் பனியனின் சாயத்துக்கு வாய்த்த சோதனை ஆறாயிரம் ரூபாய் இயர்போனுக்கு வாய்க்கவில்லை. ஒரு குடுவை கடன் வாங்கினால் கொடுக்க மாட்டார்களா?

அது முடியாதென்றால் குழுவோடு மே மாதம் இங்கே வாருங்கள். சோதனைப் பொருள் பழையதாகவும் அழுக்காகவும், சாவிக்கொத்தோடு கால்சட்டைப் பையில் குடியிருந்ததாகவும், ஒரு முறையாவது வாஷிங் மெஷினுக்குள் போய் வந்ததாகவும் இருக்கட்டும். உறுப்பினருக்கு ஒரு ஜோடி கர்லாக்கட்டை நாங்கள் தருகிறோம். மோர் உண்டு. முடிவு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இயர்போனைப் பற்றியும், உறுப்பினரைப் பற்றியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒப்பம் (மை கலைந்துள்ளது)

நகல்:
இந்திய தர நிர்ணய அமைவனம், புதுதில்லி – தகவலுக்காக.
உத்தரவாதப் பிரிவு மேலாளர், பெயர் சொல்லாத நிறுவனம் – இக்கடிதம் ஈரமாக வந்து சேர்ந்தால் அனுப்புநர் பொறுப்பல்ல.