ஐம்பது பவுண்டு புண்ணியம்

எடையைக் கூட்டினால் வண்டிப் புகை சுத்தமாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவுக்குத் தெரியும். 1975லேயே தெரியும்.

அந்த மாடல் ஆண்டிலிருந்துதான் அங்கே கார்களின் வயிற்றில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏறியது. ஈயம் கலக்காத பெட்ரோலைத்தான் ஊற்ற வேண்டும் என்றும் ஆயிற்று. சட்டம் எழுதியவர்கள் இரக்க மனசுக்காரர்கள். வைக்கோல் ஏற்றுகிற விவசாயியின் வண்டியை வதைப்பானேன் என்று, மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டைத் தாண்டினால் இதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவைத்தார்கள். வண்டியைத் தராசில் நிறுத்திப் பார்க்கிற எடை என்று நினைத்துவிடாதீர்கள். பாரத்தோடு சேர்த்து எவ்வளவு தாங்கும் என்று தயாரித்த கம்பெனியே எழுதிக் கொடுக்கும் எண் அது. ஃபோர்டு கம்பெனி பேனாவைத் திறந்தது. எஃப்-100 பிக்கப்புக்குப் பக்கத்தில் எஃப்-150 என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. எடைத் தகுதி: 6,050 பவுண்டு. கூடுதலாக இருந்த ஐம்பது பவுண்டு நம் ஊர் சிமெண்ட் மூட்டையில் பாதிகூட வராது. அந்தப் பாதி மூட்டைப் புண்ணியத்தில் கன்வெர்ட்டர் என்ற தோஷம் கழிந்து பிறந்த பிள்ளை, எஃப்-150. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசை அந்தக் குடும்பம்தான்.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1978இல் டாட்ஜ் கம்பெனி ‘லில் ரெட் எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு சிவப்பு பிக்கப்பை இறக்கியது. கதவில் தங்க எழுத்து, பக்கவாட்டில் மரப்பலகை. கேபினுக்குப் பின்னால் வலதில் ஒன்றும் இடதில் ஒன்றுமாக இரண்டு குரோம் புகைக்குழாய்கள் வானத்தைப் பார்த்து நின்றன. கன்வெர்ட்டர் கிடையாது. அதன் முன்மாதிரி வண்டியை ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை ஓட்டிப் பார்த்தபோது, மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டுவதில் அந்த ஆண்டின் அமெரிக்க வண்டிகள் எல்லாவற்றையும் அது முந்திவிட்டது. வைக்கோல் வண்டிக்குக் கொடுத்த சலுகை!

சட்டத்துக்கு உறைக்க நாலு வருஷம் பிடித்தது. 1979இல் அந்த எடைக் கோட்டை 8,500 பவுண்டுக்கு நகர்த்தினார்கள். வண்டியும் கோட்டின் பின்னாலேயே போனது. 2000 மாடலாக வந்த ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் அந்த 8,500ஐயும் தாண்டிவிட்டதால், இவ்வளவு மைலேஜ் தர வேண்டும் என்று கம்பெனிகளைக் கேட்கும் மைலேஜ் விதி அதைத் தீண்டவில்லை. போதாததற்கு வருமான வரிச் சட்டமும் அதே 6,000 பவுண்டைப் பிடித்துக்கொண்டது. தொழிலுக்கென்று வாங்கும் கார் சிறியதாக இருந்தால் தேய்மானக் கழிவுக்கு உச்சவரம்பு உண்டு. 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அந்த வரம்பு பொருந்தாது. பல் டாக்டர் கிளினிக்குக்கு எருமை மாதிரி வண்டியில் வந்து இறங்கினால் அரசாங்கம் கைகுலுக்கும்.

இப்போது கீழே இறங்கி வருவோம். கலிபோர்னியாவில் ஒருவரிடம் 1985 மாடல் பிக்கப் இருக்கிறது என்று வையுங்கள். வி8 இன்ஜின். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், இரண்டு மேனிஃபோல்டு. இரண்டிலிருந்தும் வரும் குழாய்கள் வண்டியின் அடியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கன்வெர்ட்டர், ஒரே சைலன்சர் வழியாகப் பின்னால் வெளியேறும். மனிதருக்கு ஆசை: பின்னால் இரண்டு குழாய் தெரிய வேண்டும், உறும வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பிறகு குழாயைப் பிரித்துக்கொண்டால் கேட்பாரில்லை. அதற்கு முன்னாலேயே பிரித்து, பக்கத்துக்கொரு குழாய், பக்கத்துக்கொரு கன்வெர்ட்டர் என்று மாட்டினால் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ‘ஸ்மாக் செக்’. பரிசோதகர் பானட்டைத் திறந்து அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிப்பார். பிறகு குனிந்து, டார்ச் அடித்து, கம்பெனி வைத்த இடத்தில் கம்பெனி வைத்த எண்ணிக்கையில் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டா? ஃபெயில். இதே ஆள் பத்து வருஷம் பழைய, 1975 மாடலை வைத்திருந்தால் பரிசோதனைக்கே போக வேண்டாம்; அவ்வளவு பழையது எதை ஊதினாலும் பாரம்பரியம்.

ஒன்றுக்கு இரண்டு வடிகட்டி மாட்டியவனையா ஃபெயிலாக்குவது என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்காதீர்கள், அந்த விதி சரிதான். கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். புகையைப் பாதி பாதியாகப் பிரித்தால் சூடும் பாதியாகும். இன்ஜினை விட்டுத் தள்ளி மாட்டினால் இன்னும் ஆறும். குளிர்ந்த கன்வெர்ட்டர் வெறும் தகர டப்பா. நியாயமான விதி. என் ஆத்திரமே அங்கேதான். இத்தனை நுணுக்கமாக, டார்ச் வெளிச்சத்தில் முதுகு வளைத்துப் பார்க்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, தொழிற்சாலை வாசலில் மட்டும் கண் மங்கிவிடுகிறதே, அது எப்படி?

கம்மின்ஸ் கம்பெனியைப் பாருங்கள். ராம் பிக்கப்புகளுக்கு டீசல் இன்ஜின் செய்து தருகிறவர்கள். 2013 முதல் 2019 வரையிலான மாடல்களில் சுமார் 6,30,000 வண்டிகளில், புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக அரசு குற்றம் சாட்டியது. 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்குக் கம்பெனி சம்மதித்தது. தூய காற்றுச் சட்ட வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய சிவில் அபராதம் இல்லை. தவறு செய்தோம் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. செய்யாத தவறுக்கு 167.5 கோடி டாலர் கொடுக்கும் தர்மப்பிரபுக்கள்! (1969இல் நான்கு பெரிய கார் கம்பெனிகள் கூடிப் பேசிப் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமதப்படுத்தியதாக நீதித்துறை வழக்குப் போட்டதும், அதே ஆண்டில் விசாரணையே இல்லாமல் சமரசமாய் முடிந்ததும் பழைய கதை. வழக்கம் என்பது ஒரே நாளில் வருவதில்லையே.)

அதற்காகப் பட்டறைக்காரரையும் வண்டிக்காரரையும் தியாகிகள் ஆக்கிவிட வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் ஒரு கணக்குச் சொன்னது. பத்து வருஷங்களில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். அவை ஆயுள் முழுக்கக் கூடுதலாகக் கக்கப்போகும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். ஒழுங்கான பிக்கப்புகள் 90 லட்சத்தைச் சாலையில் புதிதாக இறக்கியதற்குச் சமம். பிடுங்கியதோடு நிற்காமல், டீசலை வேண்டுமென்றே அதிகம் பாய்ச்சி, பின்னால் சைக்கிளில் வருகிறவன் முகத்தில் கரும்புகையை ஊதி அதைப் படமெடுத்து மகிழ்கிற கூட்டமும் உண்டு. ‘ரோலிங் கோல்’ என்று அதற்குப் பெயர். ‘கூடாது’ என்று தனியாகச் சட்டம் போட வேண்டிய நிலைமை 2015இல் நியூ ஜெர்சிக்கு வந்தது. கேட்டால், சுதந்திரமாம். கம்பெனி போட்ட பூட்டை உடைத்துவிட்ட புரட்சிக்காரராம். அடுத்த வண்டியையும் அதே கம்பெனியில்தான், ஏழு வருஷத் தவணையில் வாங்குவார்.

இந்தக் கருவிகளை முடக்கித் தந்ததற்காகச் சிறைக்குப் போன ஒரு டீசல் மெக்கானிக்குக்கு 2025 நவம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு அற்புதம். மைலேஜ் விதியை மீறும் கம்பெனிகளுக்கான அபராதத்தை நாடாளுமன்றம் திருத்தி அமைத்தது. விதியை நீக்கவில்லை. அபராதத்தை மட்டும் பூஜ்யம் டாலர் ஆக்கியது. மீறினால் சும்மா விடமாட்டோம், கணக்குப் பார்த்துப் பூஜ்யத்தை வசூலித்தே தீருவோம்!

லாங் பீச் துறைமுகத்திலிருந்து 710ஆம் எண் நெடுஞ்சாலை வடக்கே போகிறது. இரு புறமும் வீடுகள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். தெற்குக் கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வளர்ந்தவர்களுடையதைவிடக் குறைவாகவே வளர்ந்திருந்தது. 2007இல் ‘லான்செட்’ வெளியிட்டது. பதினெட்டு வயதில் குறைந்த நுரையீரல் பிறகு பெரும்பாலும் ஈடுகட்டி வளராது. அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கம்பெனியும் எடைத் தகுதி எழுதித் தரவில்லை. 6,000 பவுண்டு கனமாகப் பிறந்திருந்தால் ஏதாவது சலுகை கிடைத்திருக்கும்.

எதற்காக இவ்வளவும்? இன்ஜினில் வேறெதையும் மாற்றாத பழைய பிக்கப்பில் இரண்டாவது குழாய் மாட்டினால் கிடைப்பது கைவிரலில் எண்ணக்கூடிய குதிரைச் சக்தி. மீதி எல்லாம் சத்தம். கம்பெனிக்காரனுக்கு இது நன்றாகவே தெரியும். எஃப்-150இன் சிறிய டர்போ இன்ஜினுக்குக் குரல் போதவில்லை என்று, உறுமலை ஸ்பீக்கர் வழியாக ஓட்டுநர் காதில் ஊற்றுகிறது ஃபோர்டு. டாட்ஜ் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. சார்ஜர் டேட்டோனா என்ற அதன் மின்சாரக் காருக்கு எரிபொருளும் கிடையாது, புகையும் கிடையாது. எக்ஸாஸ்ட் மட்டும் உண்டு. 2022இல் காட்டிய மாதிரி வண்டி 126 டெசிபல் வரை உறுமும் என்று பெருமையடித்தார்கள். விற்பனைக்கு வந்தபின் 2025இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட டேட்டோனாக்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. காரணம், நடந்துபோகிறவர்களை எச்சரிக்கச் சட்டம் கேட்கும் மெல்லிய சத்தம் அவற்றிலிருந்து வரவில்லை.

ஆகவே 1985 மாடல்காரரே, குழாயை விடுங்கள். இரண்டு ஸ்பீக்கர் வாங்கி, பம்பருக்கு அடியில் கட்டி, ஒலியை முழுசாகத் திருப்பிவிடுங்கள். ஸ்மாக் செக்கில் அதற்கென்று ஒரு கட்டமே இல்லை.