நாளைக்கு வேணும்னா?

எங்கள் வீட்டு மொட்டை மாடியின் நாலு மூலையிலும் தூண்களின் தலையிலிருந்து இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். 2006-ல் மடிப்பாக்கத்தில் வீடு கட்டியபோது, “நாளைக்கு மாடி எடுக்கணும்னா?” என்று நான்தான் விட்டுவைக்கச் சொன்னேன். அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை. கம்பிக்குக் கம்பி கொடி கட்டி என் மனைவி துணி உலர்த்துகிறாள். வடாம் இடும் நாட்களில் காக்கையை விரட்டக் கறுப்புத் துணி தொங்குவதும் அதில்தான்.

நான் அந்த ரகம். மூன்று பேர் வீட்டுக்கு நாலு பர்னர் அடுப்பு வாங்கினவன். வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தேன். பையன் அதற்குள் வளர்ந்து நிரம்புவதற்குள் முழங்கை கிழிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டால்தான் 2023-ல் நான் மதர்போர்டு வாங்கிய கதை உங்களுக்குப் புரியும்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் கேமிங் கம்ப்யூட்டர் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாங்கமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் கொடுத்தேன். வாங்கித் தொலைத்துவிட்டான். கையோடு ஒரு காகிதத்தையும் நீட்டினான். ஐ5 12400எஃப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, பி760 மதர்போர்டு, 16 ஜிபி ராம் என்று மளிகை லிஸ்ட் மாதிரி அடக்கமாக எழுதியிருந்தான். அந்த அடக்கம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். கடைப் பையன் ஒரு போர்டை வெளியே எடுத்து, நடுவிலிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் காட்டினான். தீப்பெட்டி அளவு இடத்தில் தங்க மினுமினுப்பாக ஊசிகள். மொத்தம் 1700 என்றான். அதனால்தான் அந்தச் சாக்கெட்டுக்கு எல்ஜிஏ 1700 என்று பேராம். “ஒரு பின் வளைஞ்சாலும் போச்சு சார், வாரண்டி கிடையாது.” நான் மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டேன்.

“இது பி760. பதினோராயிரத்து ஐந்நூறு. அந்தப் பக்கம் இருக்கிறது இசட்790. இருபத்துநாலு.”

“என்ன வித்தியாசம் தம்பி?”

“இசட்ல பிராசஸரை ஓவர்க்ளாக் பண்ணலாம். எம்.2 ஸ்லாட் நாலு இருக்கு. இதுல ரெண்டுதான்.”

“நாளைக்கு வேணும்னா?” என்றேன்.

மகன் தரையைப் பார்த்தான். இந்த வாக்கியத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அவனுக்கு யூனிஃபார்ம் காலத்திலிருந்தே தெரியும். இருந்தாலும் பொறுமையாகச் சொன்னான். “அப்பா, ஓவர்க்ளாக் பண்ணணும்னா பிராசஸர் பேருக்குப் பின்னாடி ‘கே’ இருக்கணும். நாம வாங்குறதுல ‘எஃப்’தான் இருக்கு. இதை எந்த போர்டுல போட்டாலும் அதே வேகம்தான். அந்தப் பன்னெண்டாயிரத்து ஐந்நூறைக் கிராபிக்ஸ் கார்டுல போட்டா கேம் நல்லா ஓடும். போர்டுல போட்டா ஒரு ஃப்ரேம்கூட ஏறாது.”

இனிஷியலைப் பார்த்து விலை சொல்கிற ஊரில் நான் என்ன பேச? ‘எஃப்’ என்றால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் விலை கம்மி என்று மட்டும் காதில் விழுந்தது. கம்மி என்ற சொல்லோடு என் காது மூடிக்கொள்ளும்.

அவன் விடவில்லை. “நாளைக்குன்னு யோசிச்சா ஏஎம்டிதான்பா சரி. 2016-ல வந்த ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022-லகூட புது பிராசஸர் விட்டாங்க. இப்ப ஏஎம்5 வந்திருக்கு, அதுவும் ரொம்ப நாள் ஓடும்.” நியாயமான பேச்சு. ஆனால் முப்பது வருஷமாக நான் ஆபீசில் தட்டிய எல்லாக் கம்ப்யூட்டரிலும் இன்டெல் ஸ்டிக்கர்தான் இருந்தது. தெரியாத குடும்பத்தில் சம்பந்தம் வைத்துக்கொள்ளத் தயக்கம். இசட்790-ஐயே பில் போடச் சொன்னேன். கடைப் பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பில் போட்டான். நல்ல வியாபாரி.

வீட்டில் மனைவி அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். எம்.2 ஸ்லாட் நாலு, ஒவ்வொன்றிலும் சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு எஸ்எஸ்டி செருகலாம் என்று பெருமையாக விளக்கினேன்.

“இப்ப எத்தனை வாங்கியிருக்கீங்க?”

“ஒண்ணு.”

“ம்” என்றாள். அடுப்பின் நாலாவது பர்னர் மேல் எண்ணெய்த் தூக்கு உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. நான்தான் பார்த்தேன்.

அடுத்த வில்லங்கம் கேபினெட். கண்ணாடிப் பக்கமும் கலர் லைட்டும் தள்ளுபடியில் கிடைத்ததென்று அதைப் பத்து நாள் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அது மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட். 244 மில்லிமீட்டர் சதுரப் பலகைக்கானது. நான் வாங்கியதோ முழு ஏடிஎக்ஸ், நீளம் 305. படுக்க வைத்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். ஆறு சென்டிமீட்டர் வெளியே நின்றது, மாடிக் கம்பி மாதிரியே. திறந்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். இன்னொரு நாலாயிரத்து ஐந்நூறு. பழைய கேபினெட்டை மனைவி சமையலறைக்கு எடுத்துக்கொண்டாள். முன்பக்கம் சல்லடை, பின்பக்கம் ஃபேன் வைக்கிற ஓட்டை. வெங்காயம் அழுகுவதே இல்லை. இந்த முழு முதலீட்டிலும் உருப்படியாக வேலை செய்வது அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மகன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, ராமை இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திவிட்டு, தோசை மாவு வாங்கக் கடைக்குப் போனான். மானிட்டர் கேபிள் ஒன்றுதான் பாக்கி. அதைக்கூடச் செய்யாமல் அப்பா என்று எதற்கு இருக்கிறேன்? பின்னால் கைவிட்டுத் தடவினேன். மேலே மதர்போர்டில் ஒரு எச்டிஎம்ஐ ஓட்டை, கீழே கிராபிக்ஸ் கார்டில் ஒன்று. இருபத்துநாலாயிரம் கொடுத்தது மேலே இருப்பதற்கு. அதில் செருகி, பிள்ளையாரை நினைத்து ஸ்விட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. லைட் சிவப்பு, பச்சை, ஊதா என்று கோயில் திருவிழா மாதிரி மாறி மாறி எரிந்தது. திரையில் மட்டும் ‘நோ சிக்னல்’. அணைத்துப் போட்டேன். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். போர்டில் எட்டணாக் காசு போல ஒரு பேட்டரி இருந்தது; அதையும் பிடுங்கித் திரும்ப வைத்தேன். 1700 ஊசிகளில் எதை வளைத்தேனோ என்று வியர்த்தது. மாவோடு வந்தவன் என் முகத்தைப் பார்த்தான், பின்னால் எட்டிப் பார்த்தான், கேபிளை உருவிக் கீழே இருந்த கார்டில் செருகினான். படம் வந்தது.

“எஃப் பிராசஸர்பா. உள்ளே கிராபிக்ஸ் இல்ல. இது இருக்கிற வரைக்கும் மேலே உள்ள ஓட்டையில ஒண்ணும் வராது.”

ஆக, நான் காசு கொடுத்து வாங்கியதில் ஓவர்க்ளாக் செய்ய முடியாது, மூன்று ஸ்லாட் காலி, ஒரு ஓட்டை அலங்காரத்துக்கு. போகட்டும், நாளைக்குப் புது பிராசஸர் வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வந்தது. 2024 அக்டோபரில், நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது மகன் சொன்னான். இன்டெல்லின் கோர் அல்ட்ரா, புது பிராசஸர், புது சாக்கெட். எல்ஜிஏ 1851. நம் 1700-க்கு 14-வது தலைமுறையோடு சரி; இனி புது வரவு கிடையாது. 1700-க்கும் 1851-க்கும் கழித்துப் பார்த்தேன். சரியாக 151. யாரோ மொய் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

போன மாதம் மனைவியின் நச்சரிப்பில் மாடி எடுப்பது பற்றிக் கேட்க மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தேன். அவர் கொடியிலிருந்த புடவையை ஒதுக்கிவிட்டு, ஒரு கம்பியைக் கரண்டியின் கட்டையால் தட்டினார். துரு பொரிபொரியாக உதிர்ந்து வடாம் மேல் விழுந்தது.

“இதுல ஜாயின்ட் போட முடியாது சார். எல்லாம் இத்துப் போச்சு. தூணைக் கொத்திப் புதுசாத்தான் கம்பி கட்டணும்.”

பின்னால் நின்ற மகன் மெதுவாகச் சொன்னான். “சாக்கெட் மாறிப்போச்சுப்பா.”