பெயின்ட் போகட்டும், கார் இருக்கட்டும்!

தாத்தா வாங்கித் தந்த உலோகப் பொம்மைக் காரின் பழைய பெயின்ட்டை, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து எடுக்கலாமா? – பீளமேடு வாசகர்

பெயின்ட் போயிடுமுங்க. கூடவே காரும்! அந்தக் கார்களின் உடம்பு பெரும்பாலும் துத்தநாகக் கலவை; கொஞ்சம் அலுமினியமும் உண்டு. காஸ்டிக் சோடா இரண்டையும் அரிக்கும், ஹைட்ரஜன் வேறு கிளம்பும். இரும்பு கேட்டுக்குச் செய்யும் வைத்தியம் இதற்கு ஆகாது. வார்ப்படத்துக்குப் பேர்போன ஊர்க்காரருக்கு இதைச் சொல்லோணுமுங்களா?

பிளாஸ்டிக் கண்ணாடி, ரப்பர் டயரைக் கழற்றிவிடுங்கள். மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி அரை மணி ஊறவையுங்கள். பிறகு பழைய டூத் பிரஷ் போதும். கையுறை போட்டு, மொட்டை மாடியில் செய்யுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் நெருப்பே ஆகாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் முடியுமே?

உப்புத்தாளில் உப்பு இல்லை; ஆனால் தாத்தா காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தேய்த்தால் அந்தத் தூசு மூச்சோடு உள்ளே போகும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். வேலை முடியும்வரை பேரப்பிள்ளைகளை மாடிப்படி ஏறவே விடாதீர்கள்.