பிறர்மேல் பழி போடும் தொண்டை

சிங்கப்பூரின் தேக்காவில் தொண்டை கரகரத்தால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதிக நேரமாவதில்லை. பஃபலோ சாலையின் மிளகாய் நெடி, சிராங்கூன் சாலையின் சாம்பிராணிப் புகை, இரண்டும் பொருந்தாவிட்டால் எதிர்வீட்டார் கண் எனச் சந்தேகம் எப்போதும் பிறரிடமே தொடங்கிப் பிறரிடமே முடிகிறது. சுமத்திராவின் தீயிலிருந்து வரும் புகைமூட்டத்தின் மேல் பழி சுமத்துவதிலாவது நியாயம் உண்டு. 300ஐத் தாண்டினாலே அபாயம் எனக் கருதப்படும் பிஎஸ்ஐ என்னும் காற்று மாசுக் குறியீடு 2013 ஜூன் 21 அன்று 401ஐத் தொட்டது. ஆனால் ஆகாயம் தெளிந்த பிறகும் தெளியாத தொண்டைக்குக் காரணம், நள்ளிரவில் பிரியாணியை முடித்த கையோடு படுக்கையில் சாய்வதால் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய் வழியே மேலேறும் எதுக்களிப்பாக இருக்கலாம் என்பதைப் பிரியாணிப் பிரியர்கள் எவரும் விரும்பிக் கேட்பதில்லை. கழுத்தின் கதையும் இதுவே: கவரிங் நகைகள் பலவற்றில் கலந்துள்ள நிக்கல் என்னும் உலோகம் சிலர் தோலில் ஒவ்வாமையைத் தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது, அந்த உண்மையை ஏற்றால் அணிந்திருப்பது தங்கமன்று என்பதையும் ஊரறிய ஏற்க வேண்டியிருப்பதால், பழி வியர்வையின் மேலும் வெயிலின் மேலும் விழுகிறது. குரல் கம்மல் மூன்று வாரங்களைக் கடந்தாலோ, விழுங்குவது கடினமானாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ மருத்துவரை நாடுவதே முறை. அங்கே விசாரணைக்கு வருவது எதிர்வீட்டார் கண் அன்று, சொந்த வாய்தான்.