அடப்பமும் ஆட்டோகிளேவும்

தேனிப் பக்கத்துக் கூடலூரில் எங்கள் தெருமுனையில் பாத்திரக்கடை இருந்த இடத்தில், போன தைக்கு ஒரு கடை திறந்தது. உள்ளே உயரமான ஒரு நாற்காலி, அதன் அடியில் குட்டையாக ஒரு முக்காலி. நாற்காலி வருகிறவர்களுக்கு. முக்காலி என் அக்கா மகளுக்கு. முன்பணம் கொடுத்தவன் நான். அதனால் முதல் போணியும் நானே என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அவள் காலைத் தொடவில்லை. ஒரு தாளை எடுத்தாள்.

"மாமா, சர்க்கரை இருக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"பதினோரு வருஷமா."

பேனாவை மூடி வைத்துவிட்டாள். "அப்ப உங்க காலை நான் எடுக்க முடியாது. பெரியாஸ்பத்திரில காட்டி, உணர்ச்சி இருக்கான்னு பார்த்து, எழுதி வாங்கிட்டு வாங்க."

என் காசில் வாங்கிய நாற்காலியிலிருந்து என்னையே இறக்கிவிட்டாள். இறங்கும்போது என் காலை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன். இதே கால்தான் பத்தாம் வகுப்பு வரை செருப்பு இல்லாமல் பள்ளிக்கூடம் போய் வந்தது. சித்திரை வெயிலில் லோயர்கேம்ப் தார்ச்சாலையில் தாவித் தாவி ஓடிய கால்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் காலையும் யாரும் 'பராமரித்த'தில்லை. கால் என்பது வயலுக்குப் போகிற ஒரு சாமான், மண்வெட்டி மாதிரி. 1895இல் முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கியதிலிருந்து பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு இருபோகம். இருபோகம் என்றால் வருஷத்தில் பாதி நாள் கால் சேற்றில். நடவு முடிந்து வரும் பெண்களின் விரலிடுக்கு வெள்ளையாக ஊறிப்போய், தோல் உரிந்து கிடக்கும். சேற்றுப்புண். ராத்திரி மருதாணியும் மஞ்சளும் அரைத்து அப்பிக்கொண்டு படுப்பார்கள். விடிந்தால் மறுபடியும் அதே சேறு. மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்களுக்குச் சேறு கிடையாது, அட்டை உண்டு. அதற்குப் புகையிலையும் சுண்ணாம்பும்.

பித்தவெடிப்புக்கு அப்பத்தா ஆலம்பால் வைப்பாள். அது கிடைக்காத நாளில் மெழுகுவர்த்தியைத் தேங்காயெண்ணெயில் உருக்கி, வெடிப்புக்குள் ஊற்றுவாள். கத்தினால், "சூடு பட்டாத்தான்டா மூடும்" என்பாள். குதிகாலைத் தேய்க்க வாய்க்காலில் துவைகல் இருந்தது. அதில் தேய்த்துவிட்டுத் தண்ணீருக்குள் காலை விட்டால் கெண்டைக் குஞ்சுகள் வந்து மிச்சத்தைக் கொத்தித் தின்னும். இதையே பிற்பாடு சென்னை மால் ஒன்றில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து, நிமிஷக் கணக்கில் காசு வாங்கியதைப் பார்த்தேன். எங்கள் மீன்கள் கட்டணம் கேட்டதில்லை. ஆனால் அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இங்கே நின்றுகொண்டிருந்தது. அந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது என்று அக்கா மகள் சொல்லித்தான் தெரியும்.

நகத்துக்கும் காலாணிக்கும் ஒரு பெரியவர் வருவார். முடி எடுப்பவர். அவர் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்று பெயர். கட்டி கீறுவது, புண் ஆற்றுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் கையில்தான் இருந்தது. பெயர் மருத்துவர். உட்காரும் இடம் எங்கள் மாட்டுக்கொட்டகை ஓரம். கூடவே ஒரு பையன் அடப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தள்ளி நிற்பான். அடப்பத்தைப் பிரித்தால் கத்தி, கத்தரி, நகவெட்டி, படிக்காரக் கட்டி, சின்னக் கண்ணாடி. கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் எங்கள் வீட்டுத் தண்ணீர்.

அந்த ஒரு கிண்ணம், அந்த ஒரு கத்தி. முதலில் தாத்தாவுக்குத் தாடி, அப்புறம் என் தலை, அப்புறம் தாத்தாவின் கால் நகம், கடைசியில் அப்பத்தாவின் காலாணி. நடுவில் தோல்பட்டையில் நாலு இழுப்பு. ரத்தம் வந்தால் படிக்காரம். அப்படியெல்லாம் இருந்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதத்தான் ஆசை. என் பெரியப்பா ஒருவருக்குக் கட்டைவிரல் பழுத்து, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய், விரல் இல்லாமல் திரும்பி வந்தார். சாமி குத்தம் என்று கிடா வெட்டினார்கள். கத்தியைப் பற்றி யாரும் பேசவில்லை.

கூலி கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளந்து போடுவார்கள். அந்தப் பங்குக்கு எங்கள் பக்கத்தில் 'சுதந்திரம்' என்று பெயர். தன் சுதந்திரத்தை வாங்க அவர் களத்து ஓரத்தில் இருட்டும்வரை காத்து நிற்பார். எட்டு வயசுப் பொடியன் நான், என் தாத்தா வயசுக்காரரை "நீ வா, நீ போ" என்றுதான் பேசினேன். யாரும் என் வாயில் போடவில்லை.

அக்கா மகள் தேனியில் முப்பது நாள் பயிற்சிக்குப் போனாள். வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி. 1982இல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் தொடங்கிய ஏற்பாட்டைப் பார்த்து நாடு முழுக்க வைத்தது. கட்டணம் இல்லை, சாப்பாடும் இலவசம். அதில் பாதத்துக்குக் கொஞ்ச நாள்தான். மிச்சத்தை மதுரையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே கற்றாள்.

திரும்பி வந்தவள் பேச்செல்லாம் தண்ணீரும் வெந்நீரும்தான். சாமானை முதலில் சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தோல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த மருந்தும் அடியில் இருக்கிற கிருமியைத் தொடாது. பிறகு கிருமிநாசினி. பிறகு ஆட்டோகிளேவ், 121 டிகிரியில் 15 நிமிடம். குக்கர்தானே என்றேன். "குக்கர்ல வெயிட்டு எத்தனை விசில்னு எண்ணுவீங்க, இதுல டிகிரியும் நிமிஷமும்" என்றாள். அழகு நிலையங்களில் நீல விளக்கு எரிகிற பெட்டி இருக்குமே, அது கழுவின சாமானை வைக்கிற அலமாரிதான், கழுவுகிற வேலையை அது செய்யாது. நகம் தேய்க்கும் அட்டை, மரக்குச்சி எல்லாம் ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் குப்பை. ஒரே செங்கல் துண்டை நாற்பது வருஷம் வைத்துத் தேய்த்த அப்பத்தா இதைக் கேட்டிருந்தால் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பாள்.

நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது. களிம்பு குதிகாலுக்குத்தான், விரலிடுக்குக்கு ஆகாது. ஈரம் தங்கினால் சேற்றுப்புண்தான், சேறே இல்லாமல். காலாணியில் பிளேடு வைக்கக் கூடாது.

ஒரு கதையும் சொன்னாள். 2000இல் கலிபோர்னியாவில் வாட்சன்வில் என்ற ஊரில், ஒரே கடையில் கால் ஊறவைத்த நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் கெண்டைக்காலில் கட்டி கட்டியாகக் கிளம்பி மாதக்கணக்கில் ஆறவில்லை. சுழல்தொட்டியின் பின்புறச் சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் முடியும் தோலும் அடைத்துக் கிடக்கிறது. அதற்குள் காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தமான ஒன்று குடியிருக்கிறது. வீட்டிலேயே காலைச் சிரைத்துக்கொண்டு வந்த பெண்களுக்குத்தான் அது அதிகம் ஏறியது. எனக்குப் பெரியப்பாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் கிடா வெட்டவில்லை, சல்லடையைக் கழற்றினார்கள்.

அவள் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசு ஒரு திட்டமே வைத்திருக்கிறது. வைக்காமல் என்ன செய்யும்? 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் பதினான்கு பேருக்குச் சர்க்கரை. நர்ஸ் கண்ணை மூடச் சொன்னார். மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். "தொட்டா சொல்லுங்கய்யா" என்றார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன், நடுவில் நின்றுபோனேன். கண்ணைத் திறந்தபோது இழை என் கட்டைவிரலின் அடியில் வளைந்து நின்றது. தார்ச்சாலைச் சூடு தெரிந்த விரல்.

உணர்ச்சி போனால் காலும் போகும் என்ற விஷயத்தை உலகத்துக்குச் சொன்னதில் பாதி நம்ம ஊர்க் கதை. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர், 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்தார். விரல் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் போகிறது என்று கண்டுகொண்டார். தூங்கும்போது விரலை எலி கடித்தாலும் தெரியவில்லை என்று, நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்களாம். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அங்கே உருவானது. அமெரிக்காவுக்குப் போன பிறகு அதே பாடத்தைச் சர்க்கரைக் கால்களுக்குச் சொன்னார். இப்போது என் காலில் இருப்பது அந்த ரகச் செருப்புதான். ஒரு காலத்தில் அதைப் போட்டவரைத் தெருவில் ஒதுக்கி நிறுத்தினோம்.

அக்காவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "கண்டவன் காலைப் பிடிக்கவா பெத்து வளர்த்தேன்?" என்றாள். "என் கல்யாணத்துல மாப்பிள்ளை காலைத் தாம்பாளத்துல வச்சுக் கழுவுனீங்களே, அதுக்கு யாரு சர்ட்டிபிகேட் கேட்டா?" என்று மகள் திருப்பினாள். சலுகை வேண்டிக் காலைப் பிடிப்பவர்களை நாம் கேவலமாக நினைப்பதில்லை, அவர்களுக்கு மாலைகூடப் போடுகிறோம். காலாணிக்காகப் பிடித்தால்தான் குலம் கெட்டுவிடுகிறது.

பழைய பெரியவரின் பேரன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏ.சி. போட்டு மென்ஸ் பார்லர் வைத்திருக்கிறார். ஒருநாள் முடி வெட்டிக்கொள்ளும்போது, கால் நகமும் எடுப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கால் வேலை நாங்க எடுக்கிறதில்லைண்ணே. அது தாத்தாவோட போச்சு." குரலில் கோபம் இல்லை. பிறகு மிஷின் சத்தம் மட்டும்.

போன மாதம் அவருடைய அப்பா எங்கள் கடைக்கு வந்தார். அடப்பம் தூக்கிக்கொண்டு தள்ளி நின்ற பையன். இப்போது எழுபது தாண்டிவிட்டது, குதிகால் வெடித்து நடக்க முடியவில்லை. நான் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் கீழயே உக்காந்துக்கிறேன் தாயி."

"நீங்க கீழ உக்காந்தா நான் எங்க உக்கார்றது? ஏறுங்க தாத்தா. சர்க்கரை இருக்கா?"

"டீக்கு ரெண்டு கரண்டி."

ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். சர்க்கரை இல்லை. முழங்கையைத் தொட்டித் தண்ணீரில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவர் காலை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்தாள். அவர் வெடுக்கென்று இழுக்கப் பார்த்தார், அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தட்டில் இருந்த சாமான்களின் மேல் அவர் கண் போனது. தொழில்காரர் கண்.

"கத்தி எங்க?"

"கத்தி கிடையாது தாத்தா."

"தீட்டுற பட்டை?"

"அதுவும் கிடையாது."

"பிறகு முப்பது நாளா உனக்கு என்னத்தைத்தான் சொல்லிக் குடுத்தாக?"