தண்ணி நிக்குமா சார்?

மார்ச் பிறந்துவிட்டால் தென்சென்னையில் இவர் நடமாட்டம் ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிப்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ, சட்டையை இன் பண்ணிய ஒருவர் யார் வீட்டு மதில்சுவரின் அடியையோ குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், பதறிப்போய் 100-க்கு போன் செய்துவிடாதீர்கள். பழைய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளக்கிறார், அவ்வளவுதான். கறையே இல்லாமல் புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகம் கூடிவிடும். ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்.

அடுத்து வாசல்படி. தெருவிலிருந்து படி ஏறி வீட்டுக்குள் போனால் முகம் மலரும். படி இறங்கிப் போக வேண்டியிருந்தால் திரும்பி நடையைக் கட்டுவார். சென்னையில் தெருக்கள் வளரும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டிக்கொட்டி, ஒரு காலத்தில் ஜம்மென்று மேடாக நின்ற வீடுகளெல்லாம் இன்று பள்ளத்தில் உட்கார்ந்து தெருவை அண்ணாந்து பார்க்கின்றன. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடு தேடி அலைந்த அலைச்சலில் தானாக வந்த ஞானம்.

பிறகுதான் வாயைத் திறப்பார். "2015-ல இங்க எவ்வளவு சார் வந்துச்சு?"

எதிர்வீட்டுப் பெரியவர், "நம்ம தெருவுல சொட்டு வரல. அடுத்த தெருவுலதான் இடுப்பு வரைக்கும்" என்பார். நம்மவர் அடுத்த தெருவுக்குப் போய்க் கேட்டால், "இங்கயா? முந்தின தெருவுலன்னு கேள்விப்பட்டேன்" என்று பதில் வரும். இப்படித் தெருத்தெருவாக வாக்குமூலம் வாங்கி அவர் கண்டுபிடித்தது என்னவென்றால், 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளமே வரவில்லை.

ஆள் பாளையங்கோட்டைக்காரர். முப்பத்தைந்தைத் தாண்டியவர். சிறுசேரி சிப்காட்டில் புது வேலை கிடைத்து, கம்பெனி கொடுத்த 'ரீலொகேஷன் அலவன்ஸ்' என்ற சொற்பத் தொகையோடு முன்னோடியாக வந்து, துரைப்பாக்கத்தில் ஒரு பி.ஜி.யில் மூன்றாவது கட்டிலாகத் தங்கியிருக்கிறார். முழுப்பரீட்சை முடிந்ததும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். அதற்குள் நல்ல 'ஃபேமிலி ஏரியா' பார்த்தாக வேண்டும். இதில் விசேஷம், மனிதர் வாழ்க்கையில் இதுவரை ஒரு ஏரியாவைத் தேர்ந்தெடுத்ததே கிடையாது. தாத்தா வீடு கட்டிய இடம் எதுவோ அதுதான் ஏரியா. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம், குழாயைத் திறந்தால் தாமிரபரணி. ஏரியாவில் நல்லது கெட்டது என்று வகை உண்டு என்பதே தாம்பரம் தாண்டிய பிறகுதான் அவருக்குத் தெரிய வந்தது.

தெரிந்துகொண்ட பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. எக்செல் போட்டார். நெடுக ஏரியாக்கள், குறுக்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப், கோயில், வெள்ளம், நிலத்தடி நீர், கொசு, விமானச் சத்தம், பெருங்குடிக் குப்பைமேட்டு வாடை (காற்று தெற்கே வீசினால் ஒரு மதிப்பெண், வடக்கே வீசினால் இன்னொன்று). ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை. கூட்டிப் பார்த்தால் எல்லா ஏரியாவும் அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் வந்து நின்றது. ஃபார்முலாவை மாற்றினார். அப்படியும் அதே கதை.

ஆபீஸில் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. தாம்பரத்துக்காரர், "ட்ரெயின் இருக்கு, கிளாம்பாக்கம் பக்கம், ஊருக்குக் கிளம்பினா பஸ் ஏறிட்டுத் தூங்கலாம்" என்றார். நாவலூர்க்காரர், "ஆபீஸ் பத்து நிமிஷம், உங்களுக்கு வேறென்ன வேணும்?" என்றார். பதினாலாவது மாடியிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலைக்காகக் கீழே இறங்கி வரும் கதையை அவர் சொல்லவில்லை. நங்கநல்லூர்க்காரர் 32 அடி ஆஞ்சநேயரிலிருந்து தொடங்கிக் கோயில் கோயிலாக அடுக்கினார். திருவான்மியூர்க்காரர் வாடகையை மட்டும் சொன்னார். பேச்சு அத்தோடு முடிந்தது. எல்லோரும் ஒரே குரலில் சொன்ன ஒரே விஷயம், "கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் மட்டும் போயிடாதீங்க. ஃபேமிலிக்கு சரிப்படாது."

சொன்னவர்கள் வீடுகளில் காலை ஆறு மணிக்கு வந்து பாத்திரம் தேய்க்கிற அம்மாவும், அபார்ட்மென்ட் வாசலில் சல்யூட் அடிக்கிற செக்யூரிட்டியும் அங்கேயிருந்துதான் வருகிறார்கள். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய் அங்கே குடிவைக்கப்பட்டவர்கள். அவர்களுக்கெல்லாம் ஃபேமிலி இல்லையா என்று நம்மவருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆசிய இளையோர் விளையாட்டில் 2025-ல் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்த பெண் கண்ணகி நகர்ப்பிள்ளைதானே என்றும் தோன்றியது. ஆனாலும் எக்செல்லில் அந்த வரியை அழித்துவிட்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் அழிக்கும்போது சத்தம் வராது.

இனி புரோக்கர். புரோக்கரின் கடிகாரம் தனி. "இங்கேர்ந்து ஓ.எம்.ஆர். பத்து நிமிஷம் சார், கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள." அது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளமெல்லாம் மூடப்பட்டு, சோழிங்கநல்லூர் சிக்னல் ஊரைவிட்டே ஓடிப்போயிருந்தால் ஆகக்கூடிய பத்து நிமிஷம். நம்மவர் இதையும் சும்மா விடவில்லை. ஒரு திங்கட்கிழமை எட்டரை மணிக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து பைக்கில் கிளம்பி சிறுசேரி வரை ஓட்டிப் பார்த்தார். அன்று ஆபீஸுக்குத் தாமதமாக வந்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

"ஏரியா எப்படிங்க?" என்று கேட்டால் புரோக்கர் ஒரு கல்யாண மண்டபத்தைக் காட்டுவார், ஒரு பிள்ளையார் கோயிலைக் காட்டுவார், "பக்கத்துலயே இங்கிலீஷ் மீடியம் சார்" என்பார். மூன்றிலும் ஒலிபெருக்கி இருப்பதை நம்மவர் மனதுக்குள் குறித்துக்கொள்வார்.

தண்ணீர் விஷயத்தில்தான் அவர் உச்சத்தைத் தொட்டார். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்த ஊர் இது. ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அப்போதுதான். வீட்டிலும் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம். ஆக, டிசம்பரில் தண்ணீர் நிற்கக் கூடாது, மே மாதத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது. முதல் 'நிற்க' தெருவில், இரண்டாவது குழாயில். இந்த இரண்டும் கூடிவரும் இடம் பூகோளத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாததால், ஆன்லைனில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி சட்டைப்பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டார்.

ஒரு வீட்டில் ஹவுஸ் ஓனர் அம்மா, வெயிலில் வந்த பிள்ளை என்று இரங்கி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நம்மவர் நன்றி சொல்லி வாங்கி, குடிக்காமல், பையிலிருந்து மீட்டரை எடுத்து அதில் முக்கினார்.

"என்ன தம்பி அது, காய்ச்சல் பாக்குறீங்களா?"

"ஆயிரத்து நூறு காட்டுதும்மா."

"எங்க மூணு பசங்களும் இதைக் குடிச்சுத்தான் வளர்ந்தாங்க. ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான்."

இந்த வாதத்துக்கு எக்செல்லில் கட்டம் இல்லை. சொம்பு திரும்பப் பெறப்பட்டது. வீடும்.

இதற்கிடையே பாளையங்கோட்டையிலிருந்து தினம் இரவு வீடியோ கால். இவர் ஹாலைக் காட்டினால் மனைவி, "ஏங்க, ஹாலு கெடக்கட்டும், மொட்டை மாடிக்குப் போங்க. துணி காயப்போடுற கயிறு தனித்தனியா இருக்கா, ஒண்ணா இருக்கா?" என்பார். மாமியார் பின்னாலிருந்து, "மாப்பிள்ளைகிட்ட வாசல் எந்தத் திசைன்னு கேளு" என்பார். மகளுக்கு ஒரே கேள்விதான்: "அப்பா, அங்க சைக்கிள் ஓட்ட எடம் இருக்கா?" இவர் கேமராவைத் தெருப்பக்கம் திருப்புவார். தெருவின் இரண்டு பக்கமும் கார். நடுவில் இன்னொரு கார் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும். "இருக்கும்மா" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்டால் முகவரிச் சான்று எங்கே என்றார்கள். வீட்டுக்காரரோ, பிள்ளைகள் எந்த ஸ்கூல் என்று சொன்னால்தான் ஆள் எப்படி என்று முடிவுக்கு வருவார். இந்த வட்டத்துக்குள் எப்படி நுழைந்து எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே இன்றைக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது.

இத்தனை நாளும் ஏரியாவைப் பரீட்சை செய்தவரை, ஒரு சாயங்காலம் ஏரியா பரீட்சை செய்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மாடி போர்ஷன். பிரம்பு நாற்காலி.

"நான்வெஜ் உண்டா?"

"எப்பவாவதுதான் சார்."

"எப்பவாவதுன்னா?"

"ஞாயித்துக்கிழமை."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

மௌனம்.

"உறவுக்காரங்க நிறைய வருவாங்களா? மோட்டார் போட்டா கரண்ட் எகிறும்."

"யாரும் வர மாட்டாங்க சார்." சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. சித்தப்பா. நாளைக்குக் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வருகிறாராம், வீடு பார்த்தாச்சா என்று கேட்டார்.

பெரியவர் கனைத்துக்கொண்டு முக்கியமான கேள்விக்கு வந்தார். சாதியை நேராகக் கேட்பது நாகரிகம் இல்லை என்று அவருக்குத் தெரியும். "குலதெய்வம் எந்தக் கோயில்?"

"காரையாறு சொரிமுத்தையனார் சார்."

பெரியவர் முகத்தில் ஒரு திணறல். தாமிரபரணிக் கரையில் பல சாதிக்காரர்களும் ஆடி அமாவாசைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்க் கும்பிடுகிற சாமி அது. தகவல் ஒன்றும் தேறவில்லை. அப்பா பெயர் கேட்டுப் பார்த்தார், பூர்விகம் கேட்டுப் பார்த்தார். கடைசியில் அட்வான்ஸுக்கு வந்தார். பத்து மாசம்.

"2019-ல வந்த சட்டத்துல மூணு மாச வாடகைதான்னு இருக்கே சார்."

"வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி மூணு மாசம்னு இருக்கு. நானும் படிச்சேன். நாம வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலாம்."

சட்டம் படித்த வீட்டுக்காரரிடம் குடிபோகக் கூடாது என்று அன்று இரவு எக்செல்லில் ஒரு புதுக் கட்டம் சேர்ந்தது.

மே மாதக் கடைசி நெருங்கியது. பி.ஜி.யில் நாலாவது கட்டில் போட்டார்கள். பொறுத்துப் பார்த்த மனைவி ஒரு வெள்ளிக்கிழமை ரயிலேறி வந்து இறங்கினார். இவர் லேப்டாப்பைத் திறந்து வரிசைப்படுத்தியதைக் காட்டினார். அவர் அதைப் பார்த்தபடியே தோசையைச் சாப்பிட்டு முடித்து, "கடைசியில இருக்கே, அது என்ன எடம்?" என்று கேட்டார். மடிப்பாக்கத்தில் ஒரு உள்தெரு. வெள்ளத்துக்குப் பத்துக்கு இரண்டு.

போனார்கள். மனைவி மதில்சுவரைப் பார்க்கவில்லை, படியை எண்ணவில்லை. தெருமுனையில் கீரை வண்டியைச் சுற்றி நாலு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நேரே அங்கே போய் ஒரு கட்டு அரைக்கீரை கையில் எடுத்தார். பேரம் முடிவதற்குள் ஸ்கூல் வேன் டிரைவர் நம்பர், ராத்திரியில் போன் எடுக்கிற குழந்தை டாக்டர் யார், எந்த வீட்டு நாய் கடிக்கும், மெட்ரோ வாட்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், சாயங்காலம் எந்தக் காலி மனையில் பிள்ளைகள் விளையாடும், டியூஷன் மிஸ் எவ்வளவு வாங்குகிறார் எல்லாம் வந்துவிட்டன. முனைக்கடை அண்ணாச்சியிடம் தேங்காய் வாங்கப் போனால், "நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே, எந்த ஊரும்மா?" என்றார். அண்ணாச்சிக்கு ஊர் நாசரேத். "இங்க ராத்திரி பத்து மணிக்கும் பொம்பளையாளுக தனியா நடந்து போவாங்க, பயமில்ல" என்று கேட்காமலே சொன்னார். அத்தனை குறுக்குக் கட்டங்களில் இப்படி ஒரு கட்டம் இல்லாமல் போனது எப்படி என்று நம்மவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஆறு மாச அட்வான்ஸுக்குப் பேசி முடித்தார்கள்.

அட்வான்ஸ் கை மாறிய அந்த நிமிஷத்திலிருந்து மனிதர் வேறு ஆள். நேற்றுவரை அரசுத் தரப்பு வக்கீலாகக் குறுக்கு விசாரணை செய்தவர், இன்று கட்சி மாறி எதிரிக்காக ஆஜராகிறார். கொசுவா? "சென்னைன்னா இருக்கத்தானே செய்யும்." ஆபீஸ் தூரமா? "வண்டியில போறப்ப இளையராஜா கேட்டுட்டுப் போறேன், அது ஒரு நல்ல நேரம்." போர் தண்ணீரா? "உப்பு கொஞ்சம் இருந்தாதான் பருப்பு ருசியா இருக்கும்." டி.டி.எஸ். மீட்டர் பிள்ளையின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. நங்கநல்லூர்க்காரரோடு கேன்டீனில் சண்டையே போட்டார்.

அக்டோபர் வந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கனமழை எச்சரிக்கை. சென்னையில் இதற்கு ஒரு சடங்கு உண்டு. 2024 அக்டோபரில் டி.வி.க்காரர்களெல்லாம் படம் பிடித்துப் போட்டார்களே, காரை ஓட்டிக்கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, குடையோடு இறங்கி நடந்து வருவது. நம்மவரும் மதியமே பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, பாலத்தின் நல்ல மேடான இடமாகப் பார்த்து இ.எம்.ஐ. முடியாத காரை நிறுத்தினார். கவரைப் போர்த்தி, கயிறு கட்டி முடித்தபோது பின்னால் ஒரு புதுக் கார் வந்து நின்றது. இறங்கியவர் கோயம்புத்தூர்க்காரர். சென்னைக்கு வந்து சில வாரம்தான் ஆகிறதாம். குடும்பம் இன்னும் வரவில்லை, ஏரியா பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"நீங்க எங்கீங்க சார் இருக்கீங்க? ஃபேமிலிக்குப் பரவாயில்லீங்களா?"

நம்மவர் முழங்கால்வரை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "மடிப்பாக்கம் சார். கண்ணை மூடிட்டு வரலாம். ஸ்கூல் வேன் வாசலுக்கே வரும், அண்ணாச்சி கடை இருக்கு, எல்லாத்துக்கும் மேல பாருங்க, மேம்பாலம் இவ்வளவு பக்கத்துல வேற எந்த ஏரியாவுக்கு இருக்கு?"